போலீஸ் நாய் வீரனாக வரும் பழைய படங்கள்: முதலில் எதைப் பார்ப்பது?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அல்சேஷன் நாய் திருடன்மேல் பாயும் காட்சி வந்தால் என் கண் முதலில் போவது அதன் வாலுக்குத்தான். பல் தெரிய உறுமும். முன்கையைக் கவ்வி ஆளையே தரையில் சாய்த்துவிடும். வால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கோட்டுக் கைக்குள் தடித்த உறை மாட்டியிருப்பது துணியின் உப்பலிலேயே தெரிந்துவிடும். பழகிய ஆளோடு பழகிய விளையாட்டு, நாய்க்கு அவ்வளவுதான். இதைக் கவனிக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் இந்தப் படங்கள்மேல் எனக்குப் பற்று வந்தது. கதை நம்பமுடியாததாக இருக்கலாம், நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கலாம். நாய் மட்டும் உண்மையாகவே ஓடுகிறது, உண்மையாகவே தாவுகிறது, உண்மையாகவே மகிழ்கிறது.

ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், பெரிய படத்துக்குத் துணையாக ஓடியவை இவற்றில் பல. சிக்கனமான செலவு, ஏறக்குறைய ஒரு மணி நேர நீளம், ஒரு கொள்ளை அல்லது கடத்தல், ஒரு இளம் காவலர், ஒரு நாய். எதிலிருந்து தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் முன்பு யோசிக்காமல் ரின் டின் டின் என்ற நட்சத்திர நாயின் படங்களைச் சொல்லிவிடுவேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நாய் அருமை, ஆனால் போலீஸையே காணோமே" என்பார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அதன் பிறகுதான் கேட்பவருக்கு ஏற்ற மாதிரி பதில் சொல்லப் பழகினேன்.

குழப்பத்துக்குக் காரணம் ஒரு சொல். 1920களின் அமெரிக்காவில் "போலீஸ் நாய்" என்றாலே ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தைக் குறிக்கும். அது காவல்துறையில் வேலை பார்த்ததா என்பது வேறு கேள்வி. ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் முறைப்படுத்தத் தொடங்கிய ஆட்டுக்காவல் நாய் இனம் அது. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பெயரே கசந்துபோன பிரிட்டனில் அதற்கு அல்சேஷன் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயர்தான் தமிழிலும் தங்கிவிட்டது. ஆகவே பழைய விளம்பரத்தில் "போலீஸ் நாய்" என்று போட்டிருந்தால், படத்தில் பனிமலையும் தோல் வணிகரும் ஓநாய்க் கூட்டமும் மட்டுமே இருக்கக்கூடும். காவலரும் நாயும் சேர்ந்து குற்றவாளியைத் தேடும் கதைதான் வேண்டும் என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

முதலில் அந்தப் பெரிய பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1918 செப்டம்பரில், பிரான்சின் ஃப்ளிரே என்ற ஊரில் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த நாய்க்கொட்டில் ஒன்றில், லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஒரு தாயையும் குட்டிகளையும் கண்டெடுத்தார். தனக்கென வைத்துக்கொண்ட இரண்டுக்கும் பிரெஞ்சுப் பொம்மைகளின் பெயர்களை வைத்தார்: ரின் டின் டின், நனெட். ரின் டின் டின் 1920களில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பெரும் நட்சத்திரமாகியது. அதன் படங்களில் நான் கைகாட்டுவது 1925இல் வந்த க்ளாஷ் ஆஃப் த வுல்வ்ஸ். அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2004இல் சேர்க்கப்பட்ட படம். ஓநாய்க் கூட்டத்தின் தலைவனாக வரும் நாய், மனிதன் ஒருவனின் அன்புக்குக் கட்டுப்பட்டுத் தோழனாகிவிடுகிறது. அதன் தலைக்கு விலை வைத்திருப்பதால் காலுக்குத் தோலுறையும் முகத்துக்கு ஒட்டுத்தாடியும் போட்டு ஊருக்குள் அழைத்துப் போகிறார்கள். எழுதினால் கோமாளித்தனமாகத் தெரியும். திரையில் அந்தத் தாடிக்கு மேலே இருக்கும் இரண்டு கண்களின் பொறுமையைப் பார்த்தால் மனம் இளகிவிடுகிறது. அற்புதமான படம். ஆனால் குற்றப்படம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன்.

பேசும்படம் வந்ததும் வார்னர் ரின் டின் டின்னைக் கைவிட்டது. 1929 முடியும்போது ஒப்பந்தமும் முடிந்தது. மாஸ்காட் என்ற சிறு நிறுவனம், நாட் லெவின் என்பவருடையது, அதைத் தொடர்படங்களுக்கு அழைத்துக்கொண்டது. வாரம் ஒரு பகுதி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் யாரோ பள்ளத்தில் விழுவார்கள், மொத்தம் 12 பகுதி. 1931இன் த லைட்னிங் வாரியர் அதன் கடைசிப் படம். அப்போது அதற்கு ஏறக்குறைய 13 வயது. முகமூடி வில்லன், குடியேறிகளைத் துரத்தும் சதி என்று விறுவிறுப்பாகவே ஓடுகிறது. ஆனாலும் முதல்முறை பார்ப்பவரை 12 பகுதிகளில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நாயின் பார்வை. மௌனப்பட காலத்தில் பயிற்சியாளர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கட்டளையிடலாம். திரையில் அந்தக் குரல் கேட்காது. ஒலிவாங்கி வந்ததும் வாயை மூடிக்கொண்டு கையசைவால் வேலை வாங்க வேண்டியதாயிற்று. அதனால் ஆரம்பகாலப் பேசும்படங்களில் நாயின் கண் அடிக்கடி சட்டகத்தின் ஓரத்துக்குப் போகிறது. பக்கத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். நாய் அவளைப் பார்க்காது, வெளியே நிற்கும் அந்த ஆளின் கையைப் பார்க்கும்.

அப்பா 1932இல் இறந்தபின் மகன், ரின் டின் டின் ஜூனியர், இன்னும் சிறிய நிறுவனங்களுக்குப் போனது. ரிலையபிள் நிறுவனத்தின் ஸ்கல் அண்ட் கிரவுன் (1935) எல்லைக் காவலரும் கடத்தல்காரனும் மோதும் கதை. காவலராக வருபவர் ரெஜிஸ் டூமி. தலைப்புக்கு இதுதான் சரியாகப் பொருந்துகிறது என்று யாருக்கும் தோன்றும். இருந்தும் இதை முதல் படமாக நான் தருவதில்லை. தந்தையிடம் இருந்த அந்த முகபாவம் மகனிடம் இல்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் படப்பிரதி. இந்த மாதிரிச் சிறு நிறுவனப் படங்களில் பல, நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போனவை. கரிய முதுகுள்ள நாய், இரவுக் காட்சி, மங்கிய நகல் மூன்றும் சேர்ந்தால் திரையில் ஒரு கறுப்புக் கறை இங்குமங்கும் நகர்வதுதான் தெரியும். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் நாயின் காதும் கண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வேறு நகல் தேடுங்கள், இல்லையென்றால் வேறு படம்.

குழந்தைகளோடு உட்காரும் மாலை என்றால் எனக்கு யோசனையே தேவையில்லை: ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் த ரூக்கி காப் (1939). டேவிட் ஹோவர்ட் இயக்கியது. ஏறக்குறைய 20 வயது டிம் ஹோல்ட், காவல்துறையில் புதிதாகச் சேர்ந்தவர். நாயாலும் துப்புத் துலக்க முடியும் என்று மேலதிகாரிகளை நம்பவைக்கப் பாடுபடுகிறார். பக்கபலமாக வர்ஜீனியா வைட்லர் என்ற சிறுமி. நாயின் பெயர் ஏஸ். இந்தப் படத்தின் பலம், நாயின் திறமையை விவாதத்துக்குரிய கேள்வியாக வைப்பது. நாய் வீரன் என்பதை முதல் காட்சியிலேயே முடிவுசெய்துவிட்டால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? இங்கே நாயும் நிரூபிக்க வேண்டும், பையனும் நிரூபிக்க வேண்டும். ஏஸின் நடிப்பில் ரின் டின் டின்னின் சோகம் கிடையாது. அது ஒரு சுறுசுறுப்பான, கட்டளைக்குக் காத்திருக்கும் வேலைக்காரன். இந்தக் கதைக்கு அதுதான் வேண்டும்.

ஏஸைப் பிடித்துப்போனால் இன்னும் இரண்டு படங்கள் இருக்கின்றன. ப்ளைண்ட் அலிபை (1938): பார்வையற்றவராக நடிக்கும் சிற்பி ரிச்சர்ட் டிக்ஸுக்கு வழிகாட்டி நாயாக வருகிறது. கொலம்பியாவின் 15 பகுதித் தொடர்படமான த ஃபான்டம் (1943): சித்திரக்கதைகளில் வேதாளர் என்று நாம் படித்த அதே முகமூடி வீரர், அவருடைய டெவில் என்ற நாயாக இதே ஏஸ்தான். இவை இரண்டும் ஆர்வம் முற்றியவர்களுக்கு.

அட்வென்சர்ஸ் ஆஃப் ரஸ்டி (1945) படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். இதிலும் ஏஸ் நடித்திருக்கிறது. தன் நாயை இழந்த சிறுவன் ஒருவன். புதிதாக வந்த சிற்றன்னையோடு அவனுக்கு ஒட்டவில்லை. அவனிடம் வந்து சேரும் நாய், நாஜிகளிடம் பயிற்சி பெற்ற போலீஸ் நாய். போர் முடியும் ஆண்டில், சிறுவர்களுக்கான செலவு குறைந்த படத்தில், இப்படி ஒரு கேள்வியை வைத்தார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பு. கடிக்கப் பழக்கப்பட்ட நாய், அதைப் பழக்கியவர்கள் கொடியவர்கள். இப்போது அதன் கழுத்துப் பட்டையைப் பிடிப்பது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். நாய் கற்ற பாடம் அதன் உடம்பில் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது பட்டையைப் பிடிக்கும் கை மட்டுமே. ஒற்றர்களைப் பிடிக்கும் கதைப்பகுதி சாதாரணம்தான். அந்தப் பகுதியை மன்னித்துவிடலாம். படம் நன்றாக ஓடியதால் ரஸ்டி வரிசையில் 1949 வரை மொத்தம் எட்டுப் படங்கள் வந்தன. பின்னால் வந்தவை குடும்பப் படங்களாக மென்மையாகிவிட்டன, முதலாவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் முரட்டு நாயைத் தத்தெடுத்துப் பொறுமையோடு பழக்குபவர் யாராவது இருந்தால், த ரூக்கி காப் வேண்டாம், இதையே பார்க்கச் சொல்லுங்கள்.

போலீஸ் நாய் எப்படி உருவாகிறது என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பிரிட்டிஷ், ஒன்று அமெரிக்கன். இரண்டிலும் தெருநாய்தான் மூலப்பொருள்.

போலீஸ் டாக் (1955) டெரிக் ட்விஸ்ட் இயக்கியது. ஹிட்ச்காக்கின் 39 ஸ்டெப்ஸ் படத்துக்குத் தொகுப்பாளராக இருந்தவர் அவர். சக காவலர் கொல்லப்பட, ஒரு கான்ஸ்டபிள் ஆதரவற்றுத் திரியும் அல்சேஷன் ஒன்றை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார். டிம் டர்னர், ஜோன் ரைஸ் நடித்தது. கிறிஸ்டோபர் லீ சிறு வேடத்தில் போலீஸ் உடையில் வந்துபோகிறார். டிராகுலாவாக உலகம் அவரை அறிவதற்கு மூன்று ஆண்டு முன்பு. படம் வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். லண்டன் மாநகரக் காவல்துறை போருக்குப் பின் 1946இல் லாப்ரடார்களோடு தொடங்கி, பிறகு அல்சேஷனுக்கு மாறி, 1954இல் கெஸ்டனில் தனிப் பயிற்சிப் பள்ளி திறந்திருந்தது. செய்தித்தாளில் புதிதாக அடிபட்ட விஷயத்தை அடுத்த ஆண்டே படமாக்கியிருக்கிறார்கள். அதனால் இதில் நாய் மந்திரசக்தி உள்ளதாக வருவதில்லை. உட்கார், இரு, தேடு, விடு என்று படிப்படியாகக் கற்கிறது. இவற்றில் கடைசிச் சொல்தான் கடினமானது. கவ்விய கையைக் கட்டளை கேட்டதும் விடும் நாய்தான் காவல்துறைக்குத் தேவை. மற்றது வெறும் கடிநாய். இந்த வேறுபாட்டை நாடகத்துக்கு உரிய விஷயமாகக் கருதும் படங்கள் மிகக் குறைவு.

ஆறு ஆண்டு கழித்து வந்த போலீஸ் டாக் ஸ்டோரி (1961) எட்வர்ட் எல். கான் இயக்கியது. ஆண்டுக்குப் பல படங்களை வேகவேகமாக எடுத்துத் தள்ளியவர். ஒரு மணி நேரப் படம். தீவைப்புக் குற்றத்தைத் துப்பறியும் கதை. நாயகன் ஜேம்ஸ் பிரவுன். அதே பெயருடைய பாடகர் அல்ல. இவர் 1954 முதல் 1959 வரை ரின் டின் டின் தொலைக்காட்சித் தொடரில் அதிகாரியாக நடித்தவர். நாயோடு ஐந்து ஆண்டு வேலை செய்த கை என்பது, அவர் தோல்வாரைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிகிறது: இறுக்கவும் இல்லை, தளர விடவும் இல்லை. அந்தக் கால அமெரிக்காவில் இது புதிய முயற்சிதான். நியூயார்க் 1907லேயே போலீஸ் நாய்களை வைத்திருந்தாலும் பின்னர் கைவிட்டுவிட்டது. 1956இல் பால்டிமோர் தொடங்கிய பிறகே பல நகரங்கள் மீண்டும் நாய்ப் பிரிவுகளை அமைத்தன. படம் அந்தப் புது உற்சாகத்தில் பிறந்தது.

இரண்டில் ஒன்று என்றால் பிரிட்டிஷ் படம். அமெரிக்கப் படம் பயிற்சியைப் பாடம்போலக் காட்டிவிட்டு வழக்குக்கு விரைந்துவிடுகிறது. பிரிட்டிஷ் படத்தில் நாயும் ஆளும் ஒருவருக்கொருவர் பழகுவதற்கு நேரம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலீஸ் டாக் ஸ்டோரி வந்து இரண்டே ஆண்டில், 1963 மே மாதம், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மாணவர்கள்மேல் காவல்துறை நாய்களை ஏவியது. அந்தப் புகைப்படங்கள் உலகமெங்கும் செய்தித்தாள்களில் வந்தன. அதை அறிந்தபின் 1961 படத்தை முன்போல் என்னால் பார்க்க முடியவில்லை. நாய்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குக் கட்டளை கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்று அந்தப் படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான். ரஸ்டி படத்தை நான் உயர்த்திப் பிடிப்பதும் இதனால்தான்.

நேரமே இல்லை என்பவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் 1905இல் வந்த ரெஸ்க்யூட் பை ரோவர், ஏறக்குறைய ஆறரை நிமிடம். செசில் ஹெப்வொர்த் தயாரிப்பு, லெவின் ஃபிட்ஸாமன் இயக்கம், செலவு 7 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். குழந்தையைக் கடத்திய பெண்ணைத் தேடி வீட்டு நாய் கிளம்புகிறது. நாய் அல்சேஷன் இல்லை, கோலி, போலீஸும் கிடையாது. ஆனால் இந்த வகைக்கே விதை இதுதான். நாய் ஆற்றை நீந்திக் கடந்து, ஏழைத் தெருவில் வரிசையாக இருக்கும் கதவுகளைச் சோதித்துக்கொண்டே வருகிறது. பிறகு அதே வழியில் திரும்பி ஓடி, குழந்தையின் தந்தையை அழைத்துவருகிறது. வழியில் நமக்குப் பழகிய இடங்களே திரும்ப வருவதால், நாய்க்கு வழி தெரிந்ததுபோல் நமக்கும் தெரிந்துவிடுகிறது. ஹெப்வொர்த்தின் சொந்தக் குழந்தை, சொந்த மனைவி, சொந்த நாய் எல்லாரும் இதில் நடித்திருக்கிறார்கள். பிரதி எடுத்து எடுத்து மூலப்படச்சுருள் தேய்ந்துபோனதால் முழுப் படத்தையும் மேலும் இரண்டு முறை எடுத்தார்கள். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் இதைப் போட்டுவிடுங்கள்.

வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்று சொல்பவருக்கு நான் கொடுப்பது ஹாலிவுட் படமும் இல்லை, பிரிட்டிஷ் படமும் இல்லை. சோவியத் ஒன்றியத்தின் மாஸ்ஃபிலிம் 1964இல் எடுத்த கோ ம்னே, முக்தார்! "என்னிடம் வா, முக்தார்!" என்று பொருள். செம்யோன் துமானோவ் இயக்கியது, இஸ்ராயில் மெத்தரின் கதை. மேலே சொன்ன துணைப் படங்களைப் போல அவசரத்தில் எடுத்ததல்ல; பெரிய நிறுவனத்தின் படம். அதனால் பட்டியலில் இதைச் சேர்ப்பது முழுக்கச் சரியில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். இருந்தாலும் ஆடம்பரம் துளியும் இல்லாத கறுப்பு வெள்ளைப் படம், அதே கதைப்பொருள். காவலர் கிளாஸிச்சேவாக யூரி நிகூலின். சர்க்கஸில் கோமாளியாக நாட்டையே சிரிக்கவைத்தவர், இங்கே சிரிப்பை உள்ளேயே அடக்கிக்கொண்டு, நாயிடம் மட்டும் கொஞ்சம் வெளியே விடுகிறார். முக்தார் உரிமையாளரால் கைவிடப்பட்டுக் காவல்துறைக்கு வந்த நாய். முரட்டுத்தனம், பிடிவாதம், பழைய எஜமானியின் நினைவு எல்லாம் அதற்கு இருக்கிறது. பனியில் ஒரு கொலைகாரனைத் துரத்தும்போது குண்டடி படுகிறது.

மற்ற படங்கள் எல்லாம் இங்கே முடிந்துவிடும். நாய் பிழைக்கும், பதக்கம் கிடைக்கும், சிறுமி கட்டிக்கொள்வாள். இங்கே முக்தார் பிழைக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகாத நாயாகிவிடுகிறது. வேலைக்கு ஆகாத நாய்க்குத் துறையின் கணக்கில் தீனி கிடையாது. அதற்கு அடுத்து என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். கிளாஸிச்சேவ் மனு எழுதுகிறார். இந்த நாய் இத்தனை வழக்குகளில் உழைத்தது, சாகும்வரை இதற்குத் தீனி ஒதுக்குங்கள் என்று மேலதிகாரியின் மேசைவரை போய் நிற்கிறார். திருடனைத் துரத்தியபோது இல்லாத பதற்றம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவர் முகத்தில் இருக்கிறது.

சிறு பிள்ளைகள் இருந்தால் குண்டடி படும் இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; நாய் சாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதான நாய் இருந்தால், அதைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு பாருங்கள்.